ஈஸ்டர் வரைக்கும் குடிக்காதவர்

பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் தெருவில் முக்கால்வாசி கத்தோலிக்கக் குடும்பங்கள். ஆண்கள் அத்தனை பேருக்கும் ஒர்க் ஷாப்பில் வேலை. சாயங்காலம் சங்கு ஊதியதும் சைக்கிள்கள் மொத்தமாக வெளியே வரும். பாதி வீட்டுப் பக்கம் திரும்பும், பாதி வேறு பக்கம் திரும்பும். என் வீட்டுக்காரருடைய சைக்கிள் எந்தப் பக்கம் போகும் என்று தெருவில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும்.

ஆனால் தபசு காலம் வந்துவிட்டால் எல்லா சைக்கிளும் நேராக வீட்டுக்கு வரும். ஈஸ்டருக்கு முன்னால் வரும் அந்த நாற்பது நாளும் எங்கள் ஆட்கள் கறி தொட மாட்டார்கள், குடிக்க மாட்டார்கள். தபசு தொடங்கும் விபூதிப் புதன் அன்று நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு கோயிலை விட்டு வரும்போதே முகத்தில் ஒரு பெருமை தெரியும். யார் அதிகம் ஆசையை ஒறுக்கிறார்கள் என்று அவர்களுக்குள் போட்டி வேறு. ஈஸ்டர் அன்று மதியம் மட்டன் குழம்போடு பாட்டிலைத் திறந்துவிடுவார்கள், அது தனிக் கதை. அதுவரைக்கும் எங்கள் தெருப் பெண்களுக்குக் கொண்டாட்டம்தான். எதிர் வீட்டு அக்கா, “வருஷம் முழுக்க தபசா இருந்தா என்ன கெட்டுப்போச்சு?” என்பாள்.

எழுபதுகளில் மதுவிலக்கு இருந்தபோது இந்த விரதம் என் வீட்டுக்காரருக்குப் பெரிய கஷ்டமாக இல்லை. திருட்டுச் சரக்கு கிடைத்தால் குடிப்பார், கிடைக்காவிட்டால் இல்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் சாராயக் கடைகளைத் திறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு தினமும் என்றாயிற்று. முதல் கிளாஸ் போன வேகத்தில் அவருக்குப் பாசம் பொங்கும். எனக்கு ஃப்ரிட்ஜ் வாங்கித் தருவதாகச் சத்தியம் செய்வார். அடுத்தது போனால் ஃபோர்மேனைத் திட்டுவார். அதற்கும் மேலே போனால் என்னைத் திட்டுவார். கை நீட்டியதில்லை, அந்த மட்டும் பரவாயில்லை. பிறகு காலையிலும் கொஞ்சம் வேண்டியிருந்தது. குடிக்காவிட்டால் லேத்தில் கை நிற்கவில்லை என்றார். சாப்பாடு குறைந்தது, கால் மரத்துப்போகிறது என்றார், கண்ணின் வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தது. நான் வாய் மூடுகிற ஜாதி இல்லை. கத்தினேன், பட்டினி கிடந்தேன், அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்றும் மிரட்டிப் பார்த்தேன். எதற்கும் அவர் அசையவில்லை.

அப்படி இருந்த ஒரு வருஷம் விபூதிப் புதன் வந்தது. வழக்கம்போல அன்று காலையிலிருந்தே சொட்டுக்கூடத் தொடுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டார். போதாததற்கு ஒரு பொழுது மட்டும் சாப்பாடு. எனக்கு மனசெல்லாம் குளிர்ந்துபோயிற்று. பழைய உடம்பு வேறு, இந்த உடம்பு வேறு என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

வியாழக்கிழமை வேர்த்துக் கொட்டியது. தூக்கமில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிலுவைப் பாதைக்குக் கோயிலுக்குப் போனோம். இயேசு சிலுவை சுமந்ததை நினைக்கும் பதினாலு ஸ்தலங்கள், ஒவ்வொன்றிலும் முழங்கால் போட்டு எழுந்திருக்க வேண்டும். பாதி தூரம் போனதும் அவர் சுவரையே வெறித்துப் பார்த்தார். “எறும்பு. சுவர் பூரா எறும்பு. தட்டி விடுடி” என்றார். சுவரில் ஒன்றும் இல்லை. கை, தோள், தாடை எல்லாம் நடுங்க ஆரம்பித்தன. அப்போது எங்கள் ஊரில், பரிசுத்த ஆவி இறங்கியது என்று ஆடி விழுகிற ஜெபக் கூட்டங்கள் புதிதாக வந்திருந்த நேரம். பின்னால் நின்ற ஒரு அம்மா, “ஆவியானவர் எறங்கிட்டாருங்க, யாரும் தொடாதீங்க” என்றார். சுற்றி நின்ற நாலைந்து பேர் கையைத் தூக்கி ஸ்தோத்திரம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். என் புருஷன் அவர்கள் நடுவில் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டு கீழே விழுந்தார். வாயில் நுரை.

எனக்கு வந்த கோபம் அந்தக் கடவுளுக்குத்தான் தெரியும். “ஆவியும் இல்ல ஒண்ணும் இல்ல, வழிய விடுங்க, மனுஷன் செத்துருவாரு” என்று கோயிலுக்குள்ளேயே கத்தினேன். பங்குச் சாமியார் ஜெபப் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்து, ஜீப்பை எடுக்கச் சொன்னார். ரயில்வே ஆஸ்பத்திரி பக்கம்தான்.

அன்று டூட்டியில் இருந்தது ஒரு டாக்டரம்மா. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர், என்னைவிட வயதில் சின்னவர், நெற்றியில் மெல்லிசாகச் சிவப்பு ஸ்ரீசூர்ணக் கோடு. ஊசி போட்டு என் வீட்டுக்காரரை அடக்கிவிட்டு என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார்.

“தினம் குடிக்கிறவரா?”

“ஆமாங்க. ஆனா புதன்கிழமையிலேருந்து தொடலைங்க. விரதம்.”

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “அதாம்மா வினை. நீங்க ரயில்வேக்காரா, இப்படிச் சொன்னாப் புரியும். எப்பவும் பிரேக்கைப் போட்டுண்டே ஓட்டற இஞ்சின்னு வெச்சுக்கோங்கோ. பிரேக்கை மீறி ஓடணுமேன்னு அது முக்கி முக்கி ஓடப் பழகிண்டுடும். திடீர்னு பிரேக்கை எடுத்தா என்ன ஆகும்? குடி மூளையைத் தினம் அமுக்கிண்டிருந்தது. ஒரே நாள்ல நிறுத்தினதும் மூளை தறிகெட்டு ஓடறது. நடுக்கம், எறும்பு தெரியறது, வலிப்பு, எல்லாம் அதுனாலதான். இவாளையெல்லாம் மருந்து குடுத்துத்தான் நிறுத்தணும். வீட்டுல வெச்சுண்டு நிறுத்தப்படாது.”

நல்லது செய்கிறேன் என்று கும்பிட்டுக்கொண்டே சாகப் பார்த்திருக்கிறார் மனுஷன். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். “ஈரல் வீங்கியிருக்கு. இன்னும் கெட்டுப்போகலை, குடியை விட்டா தேறிடும். ஆனா ஈஸ்டரோட விரதம் முடியறதுன்னு மறுபடி ஆரம்பிச்சார்னா, அடுத்த தடவை பெருமாளே வந்தாலும் என் கையிலே ஒண்ணும் இல்லை.”

அன்றிலிருந்து ஈஸ்டருக்கு இன்னும் எத்தனை நாள் என்று பயந்துகொண்டே காலண்டரில் எண்ண ஆரம்பித்தேன்.

ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். வைட்டமின் ஊசி போட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததைத்தான் நான் இன்றும் ரசித்து நினைத்துக்கொள்கிறேன். முதலில் தூக்கம் திரும்பியது. அப்புறம் பசி. காலையில் இட்லியைப் பார்த்தாலே குமட்டுகிறது என்றவர் தட்டைக் காலி செய்துவிட்டு என் தட்டைப் பார்த்தார். முகத்தின் உப்பல் வடிந்து, கல்யாணத்தில் நான் பார்த்த தாடை வெளியே வந்தது. சும்மா சொல்லக் கூடாது, ஆள் நன்றாகவே இருந்தார். ஒரு நாள் பேச்சுவாக்கில், “ரசத்துல மிளகு தூக்கலா இருக்கே” என்றார். இத்தனை வருஷமாக என் ரசத்தில் மிளகு இருப்பதே அவர் நாக்குக்குத் தெரிந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மா ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு வந்து காட்டச் சொல்லியிருந்தார். பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டும்போது இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து தண்ணீரை எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். உத்திர வீதியில் வீடு. வலது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்துவிட்டு, “ஈரல் வீக்கம் சுருங்கிண்டு வரது, பேஷ்” என்றார் டாக்டரம்மா. அவர் அம்மா ஒரு தொன்னையில் பெருமாள் கோயில் புளியோதரை கொண்டு வந்து வைத்தார். இவர் கூச்சப்படாமல் இன்னொரு தொன்னையும் வாங்கிச் சாப்பிட்டார். தபசு காலத்தில் பெருமாள் பிரசாதமா என்று என் மனசுக்குள் ஒரு கேள்வி வந்தது. வந்த வழியே போகச் சொல்லிவிட்டேன்.

ஆனால் ஈஸ்டருக்குப் பிறகு என்ன என்று இவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் செய்த சத்தியங்களை நிறையப் பார்த்தவள் நான். இன்னொன்று வாங்கி என்ன செய்ய?

ஈஸ்டர் மதியம் என் அண்ணன் பாலக்கரையிலிருந்து வந்தான், வருஷா வருஷம் வருகிற மாதிரியே, மஞ்சள் பையில் செய்தித்தாள் சுற்றிய பாட்டிலோடு. ஆஸ்பத்திரி சமாச்சாரம் அவனுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு நாள் கூத்துதானே என்பது அவன் நினைப்பு. நான் அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றேன். அவனே போய் இரண்டு கிளாஸ் எடுத்து வந்து வைத்தான்.

“எனக்கு ஊத்தாதீங்க மச்சான்” என்றார் இவர்.

“தபசுதான் முடிஞ்சு போச்சே மாப்ள.”

“உங்களுக்கு முடிஞ்சுது. எனக்கு முடியல. ஆசை இல்லேன்னு நெனைக்காதீங்க, வாசன வரப்பவே நாக்கு ஊறுது. அதனாலதான் சொல்றேன், அத எடுத்துப் பையில வச்சிருங்க.”

அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பாட்டிலைப் பையில் போட்டான். மட்டன் குழம்பை மட்டும் ஒரு கை பார்த்துவிட்டுச் சாயங்காலம் கிளம்பினான்.

அவன் தெருமுனை திரும்பியதும் எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் பிடித்துக்கொண்டேன் சண்டை. வராத ஃப்ரிட்ஜிலிருந்து ஆரம்பித்து, என் அப்பா காரியத்துக்குத் தள்ளாடிக்கொண்டு வந்தது, என் தங்கை கல்யாணத்தில் பந்தி நடுவில் விழுந்து மானத்தை வாங்கியது, எல்லாவற்றையும் கொட்டினேன். அழுதேன், மூக்கைச் சிந்தினேன், மறுபடி ஆரம்பித்தேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இதுவும் போச்சு என்று நினைத்தேன். குடித்த காலத்தில் ராத்திரி நான் தொண்டை கிழியக் கத்தியது எதுவும் விடிந்தால் அவருக்கு ஞாபகம் இருக்காது. நான் சொன்னது நிஜமாகவே அவர் தலையில் ஏறியிருக்காது. மறுநாள் முழுக்க நான் மட்டும் அதைச் சுமந்துகொண்டு திரிவேன்.

திங்கட்கிழமை காலை டிபன் கேரியரை ஹேண்டில்பாரில் மாட்டினார். ஒரு காலைப் பெடலில் வைத்துக்கொண்டு நின்றார்.

“நேத்து நீ சொன்னதுல ஒண்ணு மட்டும் தப்பு” என்றார்.

“என்னது?”

“ஒன் தங்கச்சி கல்யாணத்துல நான் பந்தி நடுவுல விழல. கை கழுவுற எடத்துலதான் விழுந்தேன். மத்தது அம்புட்டும் சரி.”

சொல்லிவிட்டு மிதித்துப் போய்விட்டார். நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து நான் போட்ட சண்டைகளில், மறுநாள் காலையில் பதில் வந்தது அதற்கு ஒன்றுக்குத்தான்.