பதினோரு பச்சைக் காய்கள்

உருளைக்கிழங்கை விதையிலிருந்தே வளர்த்துக் காட்டுவது என்று எனக்கு ஒரு வெறி. பொத்தேரி வாடகை வீட்டு மாடியில் ஒரே ஒரு செடி காய்த்தது. பார்க்கப் பச்சைத் தக்காளி போலவே பதினோரு காய்கள். விதைக்காகப் பறித்தவற்றை மறதியாகக் கிண்ணத்தோடு படிக்கட்டில் வைத்துவிட்டேன். கீழ்வீட்டு செல்வி அக்காவுக்கு நான் வழக்கமாகக் காய் வைக்கும் இடம் அது.

காலையில் காலிக் கிண்ணத்தோடு அக்கா வந்தார்.

"தக்காளிய வதக்கித் தொவையல் அரைச்சிகீறேன். நாஸ்தாவுக்கு வா."

"எல்லாத்தையுமா? ஒரு விதைகூட மிச்சமில்லையா?" என்று கத்தினேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. அதன் பிறகுதான் உருளைச் செடியின் காய் விஷம் என்பது எனக்கு உறைத்தது.

"யாராவது சாப்பிட்டீங்களா?"

"அவரு இப்பத்தான் உக்காந்தாரு."

விழுந்தடித்து இறங்கினேன். அவர் கணவர் தோசையைத் துவையலில் தோய்த்து வாயருகே கொண்டுபோயிருந்தார். கையைத் தட்டிவிட்டேன். அதுதான் முதல் வாய்.

மறுநாள் அக்கா ஒரு பொட்டலத்தை நீட்டினார். துவையலிலிருந்து பொறுக்கிக் கழுவிய விதைகள்.

"நீ மொதல்ல இதத்தானே கேட்ட."

வதக்கிய விதை முளைக்காது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்க, அத்தனையையும் விதைத்தேன்.