வற்றக் கூடாத வீக்கம்

என் வீட்டுக்காரர் பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். தொங்கான் என்கிற சரக்குப் படகில் வரும் அரிசி மூட்டையை முதுகில் வாங்கி, பலகைமேல் நடந்து கரைக்குக் கொண்டுவர வேண்டும். ஒருநாள் ஈரப் பலகை வழுக்கி மூட்டையோடு விழுந்தார். வலது முழங்கால் தேங்காய் மாதிரி வீங்கிவிட்டது.

அடிபட்ட ஆளைத் தண்டல் வந்து பார்ப்பார். கூலிகளை மேய்க்கிற மேஸ்திரி அவர். வீக்கத்தை விரலால் அமுக்குவார். குழி விழுந்தால் ஓய்வு, விழாவிட்டால் வேலை. அவர் கற்ற வைத்தியம் அவ்வளவுதான். அன்று குழி விழுந்தது.

எனக்குத்தான் கை சும்மா இருக்காதே. வேலியோரம் நின்ற நொச்சியை ஒடித்து வந்து, இலையை இடித்துச் சாறு பிழிந்து, நல்லெண்ணெயில் ஊற்றிக் காய்ச்சினேன். சடசடப்பு அடங்கி, வண்டல் மெழுகாகத் திரண்டதும் இறக்கினேன். இளஞ்சூட்டில் காலையும் மாலையும் தடவத் தடவ வீக்கம் வற்றிவிட்டது. அக்கம்பக்கத்துப் பெண்களிடம் பெருமையடித்துக்கொண்டேன். ஆனால் உள்வலி போகவில்லை. காலை ஊன்றினால் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

தண்டல் மறுபடி வந்து அமுக்கினார். குழி விழவில்லை.

"நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லு, தங்கச்சி."

"நிக்கவே முடியலண்ணே. உள்ளுக்குள்ள வலிக்குதாம்."

"வீக்கம் இல்லேன்னா சாக்கிட் லீவு இல்ல லா. வராட்டி கம்பெனி குடுத்த ரூமக் காலி பண்ணணும்."

வலியை எடுத்து எப்படிக் காட்டுவது? எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த விரலைக் கடித்திருப்பேன். தலையைத்தான் ஆட்டினேன்.

மறுநாள் போனவரைச் சாயங்காலம் தோளில் தாங்கிக் கொண்டுவந்து விட்டார்கள். முழங்கால் முன்னைவிடப் பெரிதாக வீங்கி, தொட்டால் கொதித்தது. தைலத்தைச் சூடு பண்ணி எடுத்துவந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் புள்ள. தண்டல் வந்து பாக்குற வரைக்கும் வீங்கியே கெடக்கட்டும்."

"வலிக்குமேங்க."

"வலிக்கட்டும்."

கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினார். மருந்து என் கையிலேயே ஆறிப்போனது.

காலையில் தண்டலின் விரல் நன்றாகப் புதைந்தது. "படுத்துக்கோ லா" என்றார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

அந்தத் தைலத்தைக் கேட்டு எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்தார்கள். காய்ச்சிக் கொடுத்தேன். அவர் காலுக்கு மட்டும் அப்புறம் நான் தடவவே இல்லை.