நடை சாத்திய பிறகு

"கோயில்ல போய் குந்திகினா இதெல்லாம் சரியாய்டுமா? நான் கல்யாணமாகிப் போய்ட்டா பாத்ரூமுக்கு யாருடி காவல் நிப்பா?"

வேலூர் விடுதியில் என் அறைத்தோழி கேட்டாள். கேலிதான். ஆனால் அவளுக்கு நிச்சயம் ஆகியிருந்தது.

என்னால் கதவைத் தாழிட்டுக்கொள்ள முடியாது. தாழ்ப்பாள் விழுந்தாலே மூச்சு முட்டும். குளிக்கும்போது கதவை வெறுமனே சாத்திக்கொள்வேன். அவள் வெளியே நின்று போன் பார்த்துக்கொண்டிருப்பாள்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ஆம்பூரில் அப்பா தோல் பதனிடும் ஷாப்புக்கும் அம்மா ஷூ கம்பெனிக்கும் போனார்கள். பள்ளி விடுமுறை நாட்களில், கம்பெனி வேன் ஹாரன் அடித்ததும் அம்மா என்னை உள்ளே விட்டுப் பூட்டிக்கொண்டு போவாள். சோறு, தண்ணீர், ஒரு பக்கெட், பாடப்புத்தகம் எல்லாம் உள்ளே இருக்கும். கத்தினால் பக்கத்து வீட்டு அக்கா ஜன்னலில் வந்து, "இன்னா பேஜார் பண்ற? கம்முனு படி" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

படித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளியை முடித்த முதல் ஆள் நான், பட்டமும் வாங்கினேன். அந்தக் கர்வத்தை யாருக்காகவும் குறைத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் உறவினர் வந்தால் அம்மா, "பூட்டி வெச்சிதான் இவள படிக்க வெச்சேன்" என்று சிரிப்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன்.

விடுதித் தெருவில் சின்னதாக ஓர் அம்மன் கோயில். ஒரு ஞாயிறு மதியம், நான் கும்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பூசாரி நடையைச் சாத்திப் பூட்டினார். அந்தச் சத்தத்தில் உள்ளங்கை வேர்த்தது. சாயங்காலம் வரை இவளும் உள்ளே தனியாகத்தானே இருப்பாள் என்று தோன்றியது. விட்டுப் போக மனம் வரவில்லை. படியில் உட்கார்ந்தேன். எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. கம்பிக்கதவின் வழியே விளக்கு தெரிந்தது.

"நான் இங்கதான் இருக்கேன்" என்றேன்.

அம்மனிடம் சொன்னேனா, ஆம்பூர் வீட்டுக்குள் இருந்த பிள்ளையிடமா, தெரியாது. அன்று ஜன்னலில் வந்த அக்காகூட அதைச் சொல்லவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

பிறகு ஞாயிறுதோறும் நடை சாத்தும் நேரத்துக்குப் போனேன். "வூட்ல யாரும் இல்லியாம்மா?" என்றார் பூசாரி. "இல்லீங்க" என்றேன். நாளாக ஆக உள்ளங்கை வேர்ப்பது குறைந்தது. முழுதாகப் போகவில்லை.

தோழி கல்யாணமாகிப் போய்விட்டாள். அவள் கட்டில் வெறுமையாகக் கிடக்கிறது. இன்று காலை குளிக்கப் போனபோது வெளியே யாரும் இல்லை. நான் இங்கதான் இருக்கேன் என்று சொல்லிக்கொண்டே தாழ்ப்பாளைப் போட்டேன்.