அந்தோணியின் ஜுரம்

காட்டூர் வீட்டில் அந்தோணியின் வயலின் பெட்டியைத் திறந்ததும், வில்லில் தேய்க்கும் ரோசின் வாசனை வந்தது. நாற்பது வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவன். அவன் இறந்துபோய்ப் பதினாறு நாள் ஆகியும் எனக்கு அழுகை வரவில்லை.

சின்ன வயதில், பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் அவன் வீட்டு முன்னறையும் இப்படித்தான் மணக்கும். ஒர்க்ஷாப்பிலிருந்து திரும்பும் அவன் அப்பா, சட்டையில் கிரீஸ் கறையோடு வாசற்படியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். சுருதி விலகினால் மட்டும் கண் திறக்கும்.

எட்டாவது படிக்கையில் ஸ்ரீரங்கத்தில் ஒரு வயலின் போட்டி. ஸ்கூலிலிருந்து ஒருவர்தான் போகலாம். அந்தோணியைத் தேர்ந்தெடுத்தார்கள். என் அப்பா, "அந்தப் பையன்தானே போறான்? நீ வயலினை மூட்டை கட்டிட்டுப் படிக்கிற வழியைப் பாரு" என்றார். அதை அந்தோணியிடம் சொல்லி அழுதேன்.

போட்டியன்று காலையில் அவன் போர்த்திக்கொண்டு படுத்திருந்தான்.

"ஜுரம்டா. நீ போயிட்டு வா."

போனேன். ஜெயித்தேன். அதன்பின் என் அப்பா வயலினை விடச் சொல்லவே இல்லை.

இப்போது எதிரே நாற்காலியில் அந்தோணியின் அப்பா உட்கார்ந்திருந்தார்.

"அங்கிள், அன்னைக்கு அவனுக்கு ஜுரமே இல்ல" என்றேன்.

"தெரியும்ப்பா. நெத்தியைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லுன்னு இருந்துச்சு. ஸ்கூலுக்கு லீவ் லெட்டர் எழுதினதே நான்தானே."

அந்தோணியின் மனைவி வைத்த காபியை எடுத்துக் குடித்தேன். சூடாக இருந்ததா, ஆறியிருந்ததா என்றுகூடத் தெரியவில்லை.