ஷேடு மாறிய மாத்திரை

அப்பாவுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வேலம்பாளையத்தில் எங்கள் பனியன் கம்பெனியில், நூறு பீஸில் ஒன்று நிறம் மங்கியிருந்தாலும் எட்ட நின்றே கண்டுபிடித்துவிடுவார். அந்தக் கண்தான் அவரைக் கவிழ்க்கப் பார்த்தது.

ரத்தம் உறையாமலிருக்கத் தினம் ஒரு ரோஸ் மாத்திரை. அந்த மாதம் அம்மா வாங்கி வந்த அட்டையில் அது வெள்ளையாக இருந்தது. கம்பெனிதான் வேறு, மருந்து அதேதான் என்று மருந்துக் கடை அக்கா சொல்லி அனுப்பியிருந்தார். அப்பா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போய், துணிக்கு நிறம் பார்க்கிற விளக்குப் பெட்டிக்குள் வெள்ளை மாத்திரையையும் கடைசி ரோஸ் மாத்திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஷேடே சேரலியே கண்ணு. இந்த லாட்டு ரிஜெக்ட்டு."

அம்மா அட்டையை எண்ணிப் பார்ப்பார். அதனால் அப்பா தினமும் ஒரு வெள்ளை மாத்திரையைப் பிதுக்கி என்னிடம் கொடுப்பார். அதை என் பென்சில் பெட்டியில் பத்திரப்படுத்த வேண்டும். அம்மாவிடம் மூச்சு விடக் கூடாது. நாலாம் வகுப்பில் எனக்கு லீடர் பதவிகூடத் தரவில்லை. இது எவ்வளவு பெரிய பதவி!

ஆறாம் நாள் காலை, பென்சில் சீவித் தரப் பெட்டியைத் திறந்த அம்மாவின் முன்னால் ஐந்து மாத்திரைகள் உருண்டன. அம்மா அட்டையோடு அவற்றையும் அள்ளிக்கொண்டார். செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டர் பக்கத்தில் போய் நின்றார். மூவரும் மருந்துக் கடைக்குப் போனோம்.

"கலரு மாறுனா சரக்கும் மாறிப்போச்சுன்னுதானுங்க அம்மிணி அர்த்தம்?" என்றார் அப்பா, கடை அக்காவிடம்.

"ஏனுங்கண்ணா, ஒரே துணியத் தச்சு நாலு கம்பெனி லேபிள் வெச்சு அனுப்பறீங்களே, லேபிள் மாறுனா துணி மாறிப்போகுதுங்களா? உள்ள இருக்கற மருந்து பேரப் படிச்சுப் பாருங்க. ரெண்டும் ஒண்ணுதானுங்க. கலரு வெறும் மேல்பூச்சு."

அப்பா அட்டையைத் திருப்பிப் பெயரைப் படித்துத் தலையாட்டினார். அந்த லேபிள்கள்தான் எங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தன. ஆனாலும் முதலாளி முதலாளிதானே.

"அப்பச் சரிங்க. விட்டுப்போன அஞ்சையும் இன்னைக்கே ஓவர்டைம்ல முடிச்சர்றனுங்க" என்று கையை நீட்டினார்.

அக்கா மாத்திரைகளைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஐயோ, ஒண்ணா முழுங்கக் கூடாதுங்கண்ணா! சந்தேகம்னா எங்கிட்ட வந்து கேளுங்க. நீங்களா நிறுத்தாதீங்க, நீங்களா சேத்தாதீங்க."

உடனே டாக்டருக்குப் போன் போட்டார். டாக்டர் வரச் சொல்லி, ஈசிஜி எடுத்து, ஒன்றும் ஆகவில்லை என்றார். அன்றைய வெள்ளை மாத்திரையை அப்பா அங்கேயே விழுங்கினார். என் பதவி போயிற்று.

அம்மா எப்போதும் ஒரு கையால் ஸ்கூட்டரின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் வருவார். அன்று திரும்பும்போது இரண்டு கைகளாலும் அப்பாவின் நெஞ்சைக் கட்டிக்கொண்டார். முன்னால் நின்றிருந்த என் முதுகில் அந்தக் கைகள் இடித்துக்கொண்டே வந்தன. கம்பெனி ஆட்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று எனக்கு மானமே போயிற்று. கையை எடுங்கம்மா என்று இரண்டு முறை சொன்னேன். அம்மா எடுக்கவே இல்லை.