மூணு மிதி

என் அக்காவைத் தெருவில் எல்லோரும் காதக்கா என்பார்கள். காது கேளாதவர்கள் மாட்டிக்கொள்ளும் மெஷின்களைப் பழுதுபார்க்கும் கடையில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறாள். அரிசியளவு ஒலிபெருக்கியைத் தலைமுடி போன்ற கம்பியால் பற்றவைத்துத் திரும்பப் பேச வைப்பாள். கடைக்கு வருகிறவர்கள் கத்திப் பேசியே பழகியவர்கள். அதனாலோ என்னவோ, வீட்டில் அவள் வாயைத் திறப்பதே அபூர்வம்.

நான் நேர் எதிர். எங்கள் மூவரில் அக்கா மூத்தவள், அண்ணன் நடு, நான் கடைக்குட்டி. ஓரிடத்தில் உட்காராதவள் என்று அண்ணன் எனக்கு வைத்த பெயர் காத்தாடி. மூன்று வருடம் நாடு நாடாகச் சுற்றி, கிடைத்த வேலையைச் செய்துவிட்டு, போன மாதம்தான் திரும்பினேன். அக்கா வீட்டில் இறங்கினேன்.

வந்ததும் கண்ணில் பட்டது சாப்பாட்டு மேசை. நான் போகும்போது அதில் பாதி அவளுடைய பட்டறையாக இருந்தது. சால்டரிங் அயர்ன், ஈயம் உறிஞ்சும் குழல், பூதக்கண்ணாடி வைத்த விளக்கு, சிப்பில் எழுதுகிற சின்னப் பெட்டி. இப்போது அந்தப் பாதியில் துணி தேய்க்க விரித்த போர்வை கிடந்தது.

“உன் சாமானெல்லாம் எங்கக்கா?”

“அட்டைப்பெட்டியில. கட்டிலுக்கு அடியில.”

“ஏன்?”

“எதுக்கு அதெல்லாம். கை கழுவிட்டு வா, சாப்பிடலாம்.”

அந்தச் சாமான்கள் எதற்கென்று சொல்ல வேண்டும். அக்காவின் கார் என்னைவிட மூன்று வயதுதான் இளையது. அந்த மாடலில் எஞ்சினுக்கு எப்போது எவ்வளவு பெட்ரோல் விடுவது என்று முடிவு செய்ய ஒரு கம்ப்யூட்டர் உண்டு. டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் கால் படும் இடத்தில், அட்டைக்குப் பின்னால், ஒரு தடிப் புத்தகம் போல இருக்கும். கணக்கெல்லாம் கம்பெனி உள்ளேயே பூட்டி வைத்தது. ஒரு நாள் ஏதோ ஒயர் பார்க்க அக்கா அதைத் திறந்தாள். பலகையில் ஓரிடத்தில் இரண்டு வரிசையாக இருபத்தெட்டு ஓட்டைகள், ஈயத்தால் அடைபட்டு, மேலே ஒன்றும் இல்லாமல் இருந்தன. விருந்தாளிக்கு நாற்காலி போட்டுவிட்டு, கடைசியில் கூப்பிடாமல் விட்ட மாதிரி.

“இங்க இன்னொரு சிப் வைக்க முடியும்,” என்றாள். அன்று முழுக்க அவள் பேசியது அவ்வளவுதான்.

பிறகு ஒவ்வொரு ஓட்டையாக ஈயத்தை உறிஞ்சி எடுத்தாள். சிப்பைச் செருகவும் கழற்றவும் வசதியாக ஒரு சாக்கெட், அதற்குத் துணையாக இன்னொரு சின்ன சிப், இரண்டு கபாசிட்டர், கடைசியாக இரண்டு புள்ளிகளை இணைக்க ஒரு நகத்தளவு கம்பி. அந்தக் கம்பிதான் முக்கியம். அது இருந்தால் கம்ப்யூட்டர் நாம் வைத்த சிப்பைப் படிக்கும். வெட்டிவிட்டால் கம்பெனிக் கணக்குக்கே திரும்பிவிடும்.

நான்கு மாதம் அவள் அந்தச் சிப்பில் பெட்ரோல் கணக்கின் எண்களை மாற்றி மாற்றி எழுதினாள். காலையில் வேலைக்கு ஓட்டிப் போவாள், சாயங்காலம் திருத்துவாள். பழைய எழுத்தை அழிக்க, சிப்பின் நடுவிலுள்ள கண்ணாடி ஜன்னல் வழியாக இருபது நிமிடம் ஊதா விளக்குக் காட்ட வேண்டும். அழித்து எழுதியதும், வெளிச்சம் படாமலிருக்க, அந்த ஜன்னல்மேல் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரில் ஒரு துண்டு வெட்டி ஒட்டுவாள். கடைசியில் ஒரு நாள், மேட்டுச் சாலையில் எங்கள் கார் மூன்றாவது கியரிலேயே மூச்சு வாங்காமல் ஏறியது. அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அண்ணனுக்குச் சொந்தமாக ஒரு ஒர்க்‌ஷாப். அவனிடமும் அதே மாடல் கார். “எனக்கும் ஒண்ணு பண்ணிக் குடேன்க்கா,” என்றான். அக்கா ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி, அதே மாதிரி சாக்கெட்டும் கம்பியும் வைத்து, சிப்பை நகல் எடுத்துச் செருகித் தந்தாள். ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று போகிற வழியில் அதை அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்தான்.

இரண்டு மாதம் கழித்து அக்காவிடமிருந்து ஒரு வரிச் செய்தி வந்தது. ‘தம்பி சிப் கம்பிய வெட்டிட்டானாம். சரியா வரலையாம்.’ நான் எங்கோ ஒரு ஓட்டலில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். ‘அடடா’ என்று அனுப்பிவிட்டு மறந்துபோனேன்.

சாப்பிடும்போது அன்றைய பயணக் கதையைச் சொன்னேன். ரயில் நிலையத்திலிருந்து நான் பிடித்த டாக்சியும் அக்காவின் கார் மாடல்தான். டிரைவர் பாதி வழியில் டீ குடிக்க நிறுத்தினார், அரை மணி நேரம் அரட்டை அடித்தார், பிறகு வந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பிக்கொண்டே ஆக்ஸிலேட்டரை மூன்று முறை மிதித்தார். ஒண்ணு, ரெண்டு, மூணு. வண்டி கிளம்பியது. என்னவென்று கேட்டேன். “இது கம்ப்யூட்டர் மாத்தின வண்டிம்மா. பறக்கும். ஆனா டீ குடிச்சிட்டு வந்தா மட்டும் மூணு மிதி கேக்கும். எங்க ஸ்டாண்டுல பதினோரு வண்டி, எல்லாத்துக்கும் இதே வியாதி,” என்றார்.

நான் சிரிப்பதற்காகத்தான் சொன்னேன். அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“காலைல ஆறின வண்டிக்கு மிதிக்கணுமா?”

“கேக்கல. டீ குடிச்சா மட்டும்னுதான் சொன்னாரு.”

“சூடா ஓடிட்டிருந்து உடனே அணைச்சுப் போட்டா?”

“அக்கா, நான் பிரயாணிக்கா. மெக்கானிக் இல்ல.”

அவள் அதற்குப் பிறகு சாப்பிடவில்லை. என்னிடம் அல்லாமல் மேசையிடம் சொல்வது போலச் சொன்னாள்:

“அது என் வண்டியோட வியாதி.”

அவளுடைய காரில் எஞ்சின் சூட்டை அளக்கும் சென்சார் எப்போதோ உடைந்திருந்தது. அதே சென்சார் கிடைக்காமல் வேறு கார் சென்சாரைப் பொருத்தினாள். அது எப்போதும் சூட்டைக் குறைத்தே காட்டும். நல்ல சூட்டில் இருக்கும் எஞ்சினை வெதுவெதுப்பு என்று சொல்லும். கம்ப்யூட்டர் அதை நம்பி, கிளப்பும்போது பெட்ரோலை அள்ளி விடும். எஞ்சின் திணறும். சரி, சென்சார் பொய் சொல்கிறது, கணக்கை மாற்றிக்கொள்வோம் என்று, சூட்டு வாரியாக எழுதிய எண்களில் அந்த வெதுவெதுப்பு வரிசையில் மட்டும் பெட்ரோலைக் குறைத்து எழுதினாள். அண்ணனுக்கு நகல் எடுத்தபோது அந்தத் திருத்தத்தை நீக்க மறந்துவிட்டாள். நல்ல சென்சார் உள்ள காரில் அந்தச் சிப்பை வைத்தால், எஞ்சின் உண்மையிலேயே வெதுவெதுப்பாக, அதாவது ஒரு டீ குடிக்கும் நேரம் ஆறியிருக்கும்போது, பெட்ரோல் போதாது. மிதித்தால் கொஞ்சம் கூடுதலாக விடும். மூணு மிதி.

உலகத்தில் வேறு யாருக்கும் அந்த வரிசையில் கை வைக்கக் காரணமே இல்லை.

மறுநாள் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் அக்காவும் நானும் டாக்சி ஸ்டாண்டுக்குப் போனோம். அந்த டிரைவர் என்னைப் பார்த்ததும் கை காட்டினார். அக்கா காரணம் சொல்லாமல், “உள்ள ஒரு தடவ பாக்கலாமா?” என்றாள். கால் வைக்கும் இடத்தில் முழங்காலிட்டு, கைப்பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, அட்டையைக் கழற்றினாள். சாக்கெட் கோணலாக, ஈயம் வழிந்து ஒட்டியிருந்தது. வேறு யாரோ அவசரத்தில் பற்றவைத்தது. ஆனால் சிப்பின் ஜன்னல்மேல் பிளாஸ்டர் துண்டு. அதைக்கூட அப்படியே காப்பி அடித்திருந்தார்கள்.

“யாரு பண்ணிக் குடுத்தது?”

டிரைவர் அண்ணனின் ஒர்க்‌ஷாப்பைச் சொன்னார். அதோடு நிறுத்தாமல், “அவர் தங்கச்சி வெளிநாட்டுல பெரிய எஞ்சினியராம். அங்கேர்ந்து எழுதி அனுப்புறாங்களாம். இங்க இருக்கறவங்களுக்கு இதெல்லாம் வருமா?” என்றார்.

அக்கா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

“நீயா?”

“ஐயோ அக்கா, நான் அங்க தக்காளி பறிச்சிட்டு இருந்தேன்.”

“நீதான கொண்டுபோய்க் குடுத்த.”

“நீ குடுக்கச் சொன்ன, குடுத்தேன். எனக்கு அதுல ஒரு எழுத்து படிக்கத் தெரியாதுக்கா.”

அவள் கண்ணை உடனே எடுக்கவில்லை. மூன்று வருடத்தில் நான் அனுப்பிய செய்திகளை எண்ணினால் இரண்டு கை விரல் போதும். அவள் என்னை ஏன் நம்ப வேண்டும் என்று எனக்கே தோன்றியது.

வண்டியைக் கம்பெனிக் கணக்குக்கு மாற்றிவிட்டு, டிரைவரின் சிப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். கட்டிலுக்கு அடியிலிருந்து அட்டைப்பெட்டி வெளியே வந்தது. படிக்கிற பெட்டியில் சிப்பைச் செருகி, வீட்டுக் கம்ப்யூட்டரில் தன் பழைய கணக்கோடு ஒப்பிட்டாள். வித்தியாசம் பூஜ்யம் என்று வந்தது. இன்னொரு தடவை ஒப்பிட்டாள். பூஜ்யம்.

அப்போதுதான் அவள் இந்த மூன்று வருடத்தைப் பற்றிச் சொன்னாள். அண்ணன் அன்று சொன்ன வார்த்தைகள் அவளுக்கு மனப்பாடம். “கோவிச்சுக்காதக்கா. வண்டி திணறுது, இழுவையே இல்ல. கம்பிய வெட்டிட்டேன். உனக்குக் காது மெஷின் வரும், கார் வேற விஷயம்.” எங்கே திணறுகிறது என்று கேட்டாளாம். எல்லா இடத்திலும் என்றானாம். அந்தக் கணக்கை அவள் முழுக்கத் தேடியும் தவறு கிடைக்கவில்லை. எல்லா இடத்திலும் என்று தேடுகிறவளுக்கு ஓர் இடத்தில் இருந்த தவறு எப்படிக் கிடைக்கும்?

அவன் வண்டியில் சரியில்லை என்றால் தன் வண்டியிலும் தான் ஏமாந்துதான் ஓட்டியிருக்கிறோம் என்று நினைத்தாள். அந்த மேட்டுச் சாலையே மனப்பிரமை என்று முடிவு கட்டி, தன் காரிலும் கம்பியை வெட்டினாள். கடையிலும் கை தயங்கத் தொடங்கியது. பற்றவைத்த ஒரே இடத்தை மூன்று முறை பார்ப்பாள். மிக நுணுக்கமான வேலை வந்தால் பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம் தள்ளிவிடுவாள்.

“திருடினான்னு கூட வெச்சுக்கோ,” என்றாள். “நல்லா இல்லன்னு ஏன் சொன்னான்?”

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவனிடம் போனோம். ஒர்க்‌ஷாப்பில் அவன் மட்டும் இருந்தான். என்னைப் பார்த்து, “வாடி காத்தாடி! வந்து ஒரு வாரமாச்சாம், அண்ணன் ஞாபகம் இப்பதான் வந்துச்சா?” என்று கட்டிக்கொள்ள வந்தான்.

“பெரிய எஞ்சினியருக்கு ஏதுண்ணே நேரம்?” என்றேன்.

அவன் கை பாதியில் நின்றது.

“உன் வண்டி சாவியக் குடு,” என்றாள் அக்கா.

“எதுக்குக்கா?”

“குடு.”

கொடுத்தான். அவள் அவனுடைய காரில் முழங்காலிட்டு அட்டையைக் கழற்றினாள். டார்ச்சை நான் பிடித்தேன்.

“கம்பிய வெட்டிட்டேன்னு சொன்ன.”

“ஆமா… வெட்டினேன். அப்புறம் சும்மா பாப்போமேன்னு திரும்பப் போட்டேன்.”

“யாரு பத்தவெச்சது?”

“நாந்தான்.”

அக்கா அந்தப் பலகைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோனாள். கம்பி, மூக்குத்தி போல ஒரு சின்ன வளைவோடு, இரண்டு பக்கமும் மணி மணியான ஈயத்தில் உட்கார்ந்திருந்தது.

“இது என் கைடா,” என்றாள். “நீ வெட்டவே இல்ல.”

அண்ணன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றான். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தான்.

“நல்லா இல்லன்னு ஏன்டா சொன்ன?”

“நல்லா இருக்குன்னு சொல்லியிருந்தா நீ என்ன பண்ணிருப்ப? கேக்கறவனுக்கெல்லாம் மேசையில உக்காந்து பண்ணிக் குடுத்திருப்ப. காதக்கா வண்டின்னு ஊர் பூரா பேராயிருக்கும். அப்புறம் இந்த ஒர்க்‌ஷாப்ப வெச்சு நான் பஞ்சர் ஒட்டவா?”

“அதுக்கு எனக்குக் கையே வராதுன்னு சொல்லணுமா?”

“சொன்னேன். தப்புதான். இப்ப என்ன, காலுல விழவா?” குரலை உயர்த்தினான். பிறகு ஏதோ பெரிய விஷயம் முடிந்துவிட்டது போல இறக்கினான். “சரி விடுக்கா. நமக்குள்ள என்ன. அந்த மூணு மிதிக்கு மட்டும் ஒரு வழி சொல்லேன். கஸ்டமர் எல்லாம் என் உயிர வாங்குறானுங்க.”

எனக்கு அவன் முகத்தைப் பார்க்கவே கூசியது. அக்காவுக்குக் கோபம் வரும், கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் கைப்பைக்குள் கையை விட்டாள். காது மெஷின் கம்பிகளை வெட்டும் குட்டி வெட்டியை எடுத்தாள். டக் என்று ஒரு சத்தம்.

எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். சாவியை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

“இப்ப நீ சொன்னது நெசம்.”

வீட்டுக்கு வந்து, மேசையிலிருந்து போர்வையை அவளே மடித்து எடுத்தாள். முதலில் தன் காருக்குக் கம்பி வைத்தாள். அடுத்து டிரைவரின் சிப்பை ஊதா விளக்கில் அழித்து, அந்த வெதுவெதுப்பு வரிசையைச் சரி செய்து எழுதினாள். செவ்வாய்க்கிழமை அவர் வண்டியை வாசலுக்கே கொண்டுவந்தார். கம்பி வைத்துச் சிப்பைச் செருகியதும், ஒரு சுற்று ஓட்டி, அரை மணி ஆறவிட்டு, சாவியைத் திருப்பச் சொன்னாள். அவர் கால் தானாக எழுந்தது.

“மிதிக்காதீங்க. காலை எடுங்க.”

வண்டி கிளம்பியது. அவர் வாயைப் பிளந்தார். “அணைங்க,” என்றாள் அக்கா. “இன்னொரு அரை மணி ஆறட்டும்.” மறுபடியும் கிளம்பியது. மறுபடியும் ஆறவிட்டாள். நாலாவது தடவைக்கு நான் டீ கொண்டுபோனபோது டிரைவர் கும்பிட்டார். “இன்னும் எத்தனை டீம்மா குடிக்கிறது? வண்டி நல்லா இருக்கு.”

“நல்லா இருக்கா?”

“நல்லா இருக்கும்மா.”

“உண்மையச் சொல்லுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். அக்கா என் பக்கம் திரும்பினாள். “நீ சொல்லு,” என்றாள். நான் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, காலை மடித்துச் சீட்டின்மேல் வைத்துக்கொண்டு, அவளுக்குத் தெரியும்படி சாவியைத் திருப்பினேன்.