காளியம்மாவின் இடம்

கப்பலேறினால் சொந்த ஊருக்குப் போய்விடலாம் என்று சொல்லித்தான் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து எங்களைக் கிளப்பினார் அப்பா. வந்து சேர்ந்ததோ ஜவ்வாது மலை. அவருக்குக் காட்டிலாகாவில் கன்று நடும் வேலை கிடைத்தது. எனக்கு ஜமுனாமரத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் கிடைத்தது. ஒன்பது வயதில் அதைவிடப் பெரிய தண்டனை எவளுக்கும் வாய்த்திருக்காது.

பாடமெல்லாம் எப்படியோ ஓடிவிடும். மத்தியானம் மணி அடித்தால்தான் பிடிக்கும் சனி. அந்த மலைப் பிள்ளைகள் சாப்பாட்டுக்கு ஊர்வாரியாக உட்காருவார்கள். வாத்தியார் சொன்னதில்லை, அவர்களாக வைத்துக்கொண்ட வழக்கம். ஒரு வரிசை என்றால் அதில் மாமன் மகள், பங்காளி மகன் என்று எல்லோரும் உறவு. "நீ இன்னா ஊரு?" என்று கேட்டார்கள். தோட்டத்தின் பேரைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். தூணோரம் தனியாகக் குந்திக்கொண்டு கோதுமை உப்புமாவைக் கண்ணீரோடு விழுங்குவேன். செத்துப்போனால் தேவலை என்று அந்த வயதிலேயே நினைத்திருக்கிறேன், சத்தியமாக.

காளியம்மா மட்டும்தான் என்னோடு பேசுவாள். என் வகுப்புதான், ஆனால் மூன்று வயது மூத்தவள். ஒருநாள், "எங்கூட்டுல நாளைக்கு விசேசம், வர்றியா?" என்றாள். என்ன விசேஷம் என்று நான் கேட்கவேயில்லை. ஒருத்தி கூப்பிட்டாளே, அது போதாதா?

போனால், வேற்றூர் ஆட்கள் சாமை மூட்டைகளோடு வந்து இறங்கியிருந்தார்கள். அந்த மலையில் மாப்பிள்ளை வீட்டார்தான் பெண்ணுக்குப் பரிசம் தர வேண்டும், அதில் தானியமும் உண்டு. அதெல்லாம் எனக்கென்ன தெரியும்? பந்திக்கு இலை போட்டேன், ஓடி ஓடித் தண்ணீர் ஊற்றினேன். வந்தவர்களில் ஒரு பெரியவர், "இது யாரு பொண்ணு?" என்று கேட்டார். "எங்கூட்டுப் பொண்ணுதாங்க" என்றாள் காளியம்மாவின் அம்மா. எனக்குத் தலைகால் புரியவில்லை. மஞ்சள் பூசிய முகத்தோடு காளியம்மா மூலையில் அழுதுகொண்டிருந்தாள். அடுப்புப் புகை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரத்திலிருந்து அவள் பள்ளிக்கூடம் வரவில்லை. மத்தியானம் அவள் ஊர்ப் பிள்ளைகள் என் கையைப் பிடித்து இழுத்தார்கள். "ஏய், காளியம்மா எடம் சும்மாதானே கெடக்குது, வந்து குந்து." அன்றைக்கு உப்புமாவை இரண்டு தடவை வாங்கித் தின்றேன். எதிர் வரிசைப் பிள்ளைகளை, எனக்கும் ஊர் இருக்கிறது என்கிற மிதப்பில் ஒரு பார்வை பார்த்தேன்.

அவளைக் கட்டிக்கொடுத்த ஊர் பள்ளிக்கூடத்துக்குக் கீழேதான். ஒரு மத்தியானம் தலையில் விறகுக் கட்டும் கழுத்தில் தாலியுமாக வேலிக்கு வெளியே வந்து நின்றாள். எங்கள் வரிசையையே பார்த்தாள். "வாடி, சாப்புட்டுப் போ" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினேன். விறகுக் கட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கிப் போய்விட்டாள்.

"கல்யாணம் ஆனதும் திமிரைப் பாரும்மா, பேசக்கூட இல்ல" என்று வீட்டில் சொன்னேன். சுளீரென்று முதுகில் ஒன்று வைத்தாள் அம்மா. "அதுவும் பச்சப் புள்ளதானேடி, பாவி" என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அடித்தவளே எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் எனக்குக் காய்ச்சல். பள்ளிக்கூடம் போகவேண்டாம் என்றார் அப்பா. போயே தீருவேன் என்று தரையில் விழுந்து புரண்டேன். ஒருநாள் வராமல் இருந்தால் என் இடத்தில் வேறு எவளாவது உட்கார்ந்துவிடுவாளே!